சாந்தகுமாரி குடிக்காத தண்ணீர்

காலை ஐந்தரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டதும் அழகர்சாமி எழுந்து சமையலறைக்குப் போனார். ஆர்.ஓ. வடிகட்டியின் கீழே அரை லிட்டர் பாட்டில்கள் ஐந்தை வரிசையாக நிறுத்தினார். ஒன்று நிறைந்ததும் மூடியைத் திருகி, துணியால் துடைத்து, கவிழ்த்துப் பிடித்து ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு மேடைமேல் வைத்தார். ஒவ்வொரு பாட்டிலின் வயிற்றிலும் கறுப்பு மையால் நேரம் எழுதியிருந்தது: பத்து, பதினொன்றரை, ஒன்று, இரண்டரை, நான்கு. ராணுவக் கிடங்கு ஒன்றில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரைத் தானாக மொண்டு குடித்தவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஏற்பாடெல்லாம் அவர் மனைவி சாந்தகுமாரிக்காக. ஐம்பத்தைந்து வயது. திருமங்கலத்துக்காரி. இருபத்து மூன்று வயதில் பரீட்சை எழுதி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக டில்லிக்கு வந்தவள். இப்போது அதே அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் செக்‌ஷன் ஆபீசர். அவள் பெயரில் ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். குர்கான் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் ப்ரீதாவும் அவர்களோடுதான் இருந்தாள்.

சாந்தகுமாரிக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது: நடை. காலையில் செக்டர் பூங்காவை ஏழு சுற்றுச் சுற்றுவாள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண் ஊழியர்களுக்கான வேகநடைப் போட்டியில் இரண்டு வருஷம் தொடர்ந்து கோப்பை வாங்கியிருந்தாள். இன்னொன்று வெளியே சொல்லிக்கொள்ளாத பெருமை. காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத் திரும்பும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அவளால் இருக்க முடியும். மதுரைக்குப் போகும் ரயிலில் இரண்டு பகலும் இரண்டு டீயோடு கழித்துவிடுவாள். மகள் அவளை ஒட்டகம் என்று கூப்பிட்டதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், ஆறாவது சுற்றில், விலாவுக்குக் கீழே யாரோ திருப்புளியை வைத்துத் திருகியதுபோல ஒரு வலி. குனிந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகினாள். அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில்தான் பூங்காவின் சிரிப்பு சங்கம் கூடும். புதிதாக ஒருவர் சேர்ந்திருப்பதாக நினைத்து, பன்னிரண்டு பெரியவர்கள் அவளைச் சுற்றி நின்று கைகளை உயர்த்தி ஹோ ஹோ என்று சிரித்தார்கள். அவள் அலறியபோது, நல்ல முன்னேற்றம் என்று ஒருவர் கைதட்டினார்.

டிஸ்பென்சரி டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, சிறுநீரகத்திலிருந்து இறங்கும் பாதையில் கல், ஐந்து மில்லிமீட்டர் என்றார். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டார். காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர் என்று சாந்தகுமாரி சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த வெயிலில் நடந்து வியர்வை கொட்டினால் உள்ளே மிஞ்சுவது எல்லாம் உப்புதான், அது கல்லாகாமல் வேறென்ன ஆகும் என்று இந்தியில் திட்டினார். நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டரை, மூன்று லிட்டர் குடிக்க வேண்டும். நடைக்கு முன்னால் ஒரு டம்ளர், வந்ததும் ஒரு டம்ளர். ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். கல் இறங்கியிருக்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து எடுக்க வேண்டியதுதான்.

சாந்தகுமாரிக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் வேண்டாம், அந்த வலி இன்னொரு தடவை வேண்டாம். ஆறு வாரத்தில் கல் தானாக இறங்கிவிட வேண்டும். அந்தக் கோடையில் அவள் ஆசைப்பட்டது இவ்வளவுதான்.

அழகர்சாமி களத்தில் இறங்கினார். பாட்டில்கள் போதாதென்று பெயின்ட் கடையிலிருந்து ஒரு நிற அட்டை வாங்கி வந்து குளியலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். வெள்ளையிலிருந்து பழுப்புவரை பன்னிரண்டு கட்டங்கள். போகிற சிறுநீரின் நிறம் முதல் மூன்று கட்டத்துக்குள் இருந்தால் பாஸ். ராத்திரி சப்பாத்தி சாப்பிடும்போது இன்றைக்கு எத்தனையாவது கட்டம் என்று விசாரணை நடக்கும். அவருக்குச் சளைக்காமல் ப்ரீதாவும், "மா, சச் சச் சொல்லு, பொய் கூடாது, ஏழா எட்டா?" என்பாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மங்களம் ஒருநாள் குளியலறைக்குப் போய்விட்டு வந்து, ஹாலுக்கு ஆறாம் நம்பர் எடுப்பாக இருக்கும் என்று யோசனை சொல்லிவிட்டுப் போனாள். யாரும் மறுக்கவில்லை.

பாட்டில்கள் ஐந்தும் தினமும் காலியாகவே திரும்பி வந்தன. ஆனால் கட்டம் ஏழை விட்டு அசையவில்லை. ஸ்டோர் கீப்பர் மூளைக்கு இது ஒத்துவரவில்லை. மூன்றாவது வாரம், ஒரு பாட்டிலின் கழுத்தில் ஈர மண் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டு அந்த மண்ணைக் காட்டினார்.

சாந்தகுமாரி ஒளிக்கவில்லை. செக்‌ஷனில் இருக்கும் மணி பிளான்ட்டுக்கு ஊற்றுவதாகச் சொன்னாள். அது இப்போது ஜன்னலை மூடி, அலமாரிமேல் ஏறி, சீலிங் ஃபேனுக்கு ஒரு முழம் கீழே வந்து நிற்கிறது என்றும் சொன்னாள்.

"ஏன் சாந்தா?"

"குடிச்சா போகணும்லங்க. போறதுக்கு அங்க எடமில்ல."

"எத்தன நாளா?"

"பதினாலு வருஷமா."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி இருந்துச்சு. தாழ்ப்பாள் கெடையாது. ஒராள் வெளிய நின்னு கதவப் பிடிச்சுக்கணும்."

அழகர்சாமி அந்தப் பாட்டிலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்றார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார்.

"மனு எழுதச் சொல்லிருப்பேன்."

"எழுதியாச்சு."

எழுதித்தான் இருந்தார்கள். மூன்றாம் மாடியில் பெண்கள் பதினொரு பேர். பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கிளை அலுவலகத்தை மூடியபோது அதன் பழைய ஃபைல்கள் லாரியில் வந்து இறங்கின. எங்கே வைப்பது என்று தேடியவர்கள் பெண்கள் கழிப்பறை காலியாக இருப்பதைக் கண்டார்கள். அந்த நேரத்தில் உள்ளே யாரும் இல்லாததால் அது காலியாக இருந்தது. தற்காலிகமாக என்று சொல்லிக் கூரைவரை அடுக்கி, பூட்டி, ரெக்கார்ட் ரூம் என்று பலகை மாட்டிவிட்டார்கள். பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். மனுவுக்காக ஒரு ஃபைல் திறக்கப்பட்டது. அது மூன்று வருஷம் மேலேயும் கீழேயும் போய் வந்து, குறிப்புகள் எழுதப்பட்டு, பிறகு பழைய ஃபைல்களை வைக்கும் இடத்தில் வைக்கப்பட்டது. அதாவது கழிப்பறைக்குள்.

மற்ற மாடிகளில் ஆண்களுக்கு மட்டும்தான் இருந்தது. அவசரமென்றால் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகலாம். போக வர இருபத்தைந்து நிமிஷம். அங்கே வாசலில் ரெஜிஸ்டரில் பெயர், நேரம், வருகையின் நோக்கம் எழுத வேண்டும். பெண்கள் எல்லாரும் அலுவல் நிமித்தம் என்று எழுதினார்கள். போகப் போக எழுதுவதற்கு வெட்கப்பட்டு, தண்ணீரையே நிறுத்திவிட்டார்கள். சாம்பார் சாதத்துக்குப் பதில் தயிர் சாதம், பதினொரு மணி டீ பாதி கப், தர்பூசணி கூடவே கூடாது என்று மூன்றாம் மாடிக்கே ஒரு பத்தியம் உண்டானது. அதில் மிகக் கெட்டிக்காரி சாந்தகுமாரி.

மறுநாள் காலையும் அழகர்சாமி ஐந்து பாட்டில் நிரப்பினார். அவருக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் ஒன்றை மட்டும் பயந்து பயந்து குடித்தாள், மற்றதைச் செடி குடித்தது.

நான்காவது வாரம் அலுவலகத்துக்குச் சுற்றறிக்கை வந்தது. அரசு அலுவலகங்களில் எதையும் பதினைந்து நாள் கொண்டாடுவது வழக்கம். இந்திக்குப் பதினைந்து நாள், துப்புரவுக்குப் பதினைந்து நாள். இந்த முறை தண்ணீருக்கு. ஊழியர்கள் போதுமான தண்ணீர் குடிப்பதையும் உடற்பயிற்சி செய்வதையும் ஊக்குவிக்க வேண்டும், அதற்கு ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும் என்றிருந்தது. நிர்வாகப் பிரிவின் துணைச் செயலர் வெங்கட்ராமன் கோப்பை வாங்கியவரைத் தேடி, சாந்தகுமாரியை நியமித்தார்.

அவள் மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள். உங்களைவிட ஃபிட்டா இங்கே யார் இருக்காங்க என்று சிரித்தார். மே மாத வெயிலில், அறுபத்து நாலு ஊழியர்களை ஹாலில் நிறுத்தி, வலது கையை நீட்டச் சொல்லி, நாள்தோறும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிப்பேன் என்று அவள் உறுதிமொழி படித்தாள். எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொடுக்கப்பட்டது. ஆண்கள் அங்கேயே திறந்து குடித்தார்கள். மற்றப் பத்துப் பெண்களும் பாட்டிலைக் கைக்குழந்தைபோல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். சாந்தகுமாரி அவர்களைப் பார்க்காமல் மேடையை விட்டு இறங்கினாள். அன்று சாயங்காலம் விலாவில் மறுபடி லேசாகத் திருகியது.

ஸ்கேனுக்கு ஒன்பது நாள் இருந்தபோது வெங்கட்ராமன் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். அறிக்கை அனுப்ப வேண்டும், பொறுப்பாளர் தண்ணீர் குடிப்பதுபோல ஒரு போட்டோ இல்லாமல் அறிக்கை முழுமையாகாது என்றார். டைப்பிஸ்ட் இஸ்மாயில் மொபைலோடு நின்றிருந்தார். சாந்தகுமாரி கைப்பையில் ஒரு மனுவும் கொண்டு போயிருந்தாள். போட்டோ முடிந்ததும் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

முதல் போட்டோவில் அவள் விரல்கள் பாட்டிலின் முத்திரையை மறைத்திருந்தன. இரண்டாவதில் கண் மூடியிருந்தது. குடிப்பதுபோல நடித்தால் தெரிகிறது, நிஜமாகக் குடியுங்கள் என்றார் வெங்கட்ராமன். மூன்றாவதில் கஷாயம் குடிப்பவள் மாதிரி இருந்தாள். சிரித்துக்கொண்டே குடிக்கச் சொன்னார். சிரித்துக்கொண்டே குடித்ததில் தண்ணீர் மூக்கில் ஏறியது. "ஏக் பார் அவுர், மேடம்ஜி," என்று இஸ்மாயில் பணிவாக இன்னொரு தடவை கேட்டார். பாட்டில் காலியானது. வெங்கட்ராமனே தன் ஃபிளாஸ்க்கிலிருந்து சீரகத் தண்ணீரை அதில் நிரப்பிக் கொடுத்தார். தான் தினமும் நாலு லிட்டர் குடிப்பதாகவும், தலைவலி என்பதே மறந்துபோய்விட்டதாகவும் சொன்னார். நடுவில் ஒரு தடவை, ஒரு நிமிஷம் என்று எழுந்து, அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கதவைத் திறந்துகொண்டு போய், கையைத் துடைத்தபடி திரும்பி வந்தார். அந்த அறைக்குப் பல வருஷமாக வந்துபோகிறவள்தான். அந்தக் கதவைச் சுவரில் ஒரு பகுதி என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

பதினோராவது போட்டோ சரியாக வந்தது. இஸ்மாயில் போய்விட்டார். சாந்தகுமாரி மனுவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதற்குள் ஒன்றே முக்கால் லிட்டர் உள்ளே போயிருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

வெங்கட்ராமன் முழுவதும் படித்தார். நல்ல மனிதர். நியாயமான கோரிக்கை என்றார். ஆனால் இதே விஷயத்துக்கு ஏற்கெனவே ஃபைல் இருந்தால் புதிதாகத் திறக்கக் கூடாது என்பது விதி, பழைய ஃபைலை எடுத்துவரச் சொல்லுங்கள் என்றார்.

"அந்த ஃபைல் அந்த ரூமுக்குள்ளதான் சார் இருக்கு."

"சாவி வாங்கி எடுங்க."

"சாவிக்கு ஃபைல் நம்பர் கேக்குறாங்க சார்."

"நம்பர் குடுங்க."

"நம்பர் ஃபைல் அட்டைமேல எழுதிருக்கு."

அவர் நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். சாந்தகுமாரி கால்மேல் கால் போட்டாள், பிறகு மாற்றிப் போட்டாள். ஒரு வழி இருக்கிறது என்றார் வெங்கட்ராமன். ஒரு கணக்கெடுப்பு நடத்தலாம். மூன்றாம் மாடியில் பெண்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறார்கள் என்று ஒரு மாதம் குறித்து வைத்தால், அதை வைத்து மேலே எழுதலாம்.

"பதினாலு வருஷமா யாரும் போகல சார். பூஜ்யம்தான் வரும்."

"அப்படி வந்தா, தேவையே இல்லன்னு எழுதிடுவாங்களே, மேடம்." உண்மையான கவலையோடுதான் சொன்னார்.

சாந்தகுமாரி மனுவை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். கைப்பையை அவர் மேஜைமேல், அறிக்கைக் கட்டின்மேல் வைத்தாள். எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு, வேகநடைப் போட்டியில் கடைசி நூறு மீட்டரை நடப்பதுபோல, அலமாரிப் பக்கம் நடந்தாள்.

"மேடம், எங்க போறீங்க?" என்றார் வெங்கட்ராமன், பாதி எழுந்து. "அது பெரிய ஆபீசர்ஸுக்கு. மேடம், யாராவது பாத்தா நான் என்ன சொல்றது?"

அவள் சின்னக் கதவைத் திறந்து உள்ளே போனாள்.