பனி புகுந்த அறை

சுதாராணி தலைச்சோலை எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். சேலத்தில் டிப்ளமோ முடித்ததும் கூடப் படித்தவர்கள் ஓசூர், சென்னை என்று கிளம்பிப் போனார்கள். அப்பா இல்லாத வீட்டில் அம்மா அருக்காணியைத் தனியே விட இவளுக்கு மனம் வரவில்லை. எஸ்டேட்டுக்குப் பக்கத்திலேயே, ஏற்காட்டில் வெங்கடேஷ் நடத்தும் சின்ன யூனிட்டில் சேர்ந்தாள்.

நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்புக்கான வால்வுகள் அங்கே சுத்தம் செய்ய வரும். ஒவ்வொன்றும் குண்டூசித் தலை அளவு. கழுவினால் கறை நிற்கும், துடைத்தால் நூல் ஒட்டும். அதனால் சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பீய்ச்சுவாள். குழாய் முனையில் அது பொடிப் பனியாகி, பிசுக்கையும் தூசியையும் அடித்துக்கொண்டு ஆவியாகிவிடும். ஈரம் மிஞ்சாது. ஆனால் வால்வு சில்லிட்டுப் போகும். அறைக் காற்றில் ஈரம் இருந்தால் ஐஸ் போட்ட டம்ளர் மாதிரி வியர்த்துவிடும்.

சுத்தம் செய்யும் அறைக்குள் செல்போன் கூடாது, கதவும் சாத்தியே இருக்க வேண்டும். மத்தியானமானால் அருக்காணி ஆபீஸ் போனில் கூப்பிடுவாள். பேக்கிங் பார்க்கும் ராஜ்குமார் கதவைத் தட்டுவான்.

"ஏனுங்க, உங்கம்மா லைன்ல. இன்னிக்குக் கொள்ளு ரசமாம். உங்களுக்கு முன்னாடி எனக்குச் சொல்லியாச்சு."

"சோறு உண்டியா கண்ணு?" என்பாள் அருக்காணி. உண்ணாவிட்டாலும் "உண்டேம்மா" என்பாள் சுதாராணி.

ஆடியில் காய்ச்சல் கண்டு அருக்காணி இறந்தாள். கருமாதி முடிந்ததும் சுதாராணி வேலைக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகுதான் வால்வுகளில் புள்ளி விழ ஆரம்பித்தது. மறுபடி புள்ளி வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று வால்வு அனுப்புகிறவர்கள் சொல்லிவிட்டார்கள்.

குழாய் முனையை மாற்றினாள். பில்டரை மாற்றினாள். சிலிண்டரையும் மாற்றினாள். புள்ளி போகவில்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். வளையம் வளையமாக இருந்தது. எண்ணெய் இல்லை, தூசி இல்லை. தண்ணீர் காய்ந்த தடம்.

தண்ணீர் எங்கிருந்து வரும்? திரும்பினாள். கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது. அதன் வழியாக மூடுபனி தரையோடு ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

வெளியே நின்ற வெங்கடேஷும் அதைப் பார்த்துவிட்டார். "யாருப்பா திறந்து போட்டது?"

"பூனையா இருக்குமுங்க," என்றான் ராஜ்குமார் அவசரமாக.

"பூனை தாழ்ப்பாளை எடுக்குமாடா?"

"நாந்தானுங்க," என்றாள் சுதாராணி. "தெனமும் நாந்தான் திறந்து வெக்கறேன். இப்பத்தான் எனக்கே தெரியுது."

"எதுக்கும்மா?"

"போன் அடிச்சாக் கேக்கட்டும்னுங்க."

ராஜ்குமார் பேக்கிங் டேப்பைக் கிழிப்பதை நிறுத்தினான். வெங்கடேஷ் ஆபீஸ் போனைத் திரும்பிப் பார்த்தார். "வேணும்னா போனை உள்ளயே வெச்சுக்கம்மா. ஒரு டப்பாவுல போட்டு..."

"வேண்டாமுங்க. கூப்புட ஆளில்லீங்க."

கதவைச் சாத்தித் தாழிட்டாள். ஈரம் உறிஞ்சும் மெஷினில் ஈரப்பதம் காட்டும் முள் இறங்கும்வரை நின்றாள். ஒரு தட்டு வால்வைச் சுத்தம் செய்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். புள்ளி இல்லை. இன்னொரு தட்டு. அதிலும் இல்லை. குழாயின் சீறல் நின்றபோதெல்லாம் அந்த அறையில் வேறு சத்தமே இல்லை. அவள் அடுத்த தட்டை எடுத்தாள்.