பாரிவாக்கத்துச் சேறும் ட்ராக்டர்காரர் காட்டிய வழியும்

தார் ரோட்டை விட்டு வண்டியைக் கீழே இறக்கினால் எதையும் நம்பாதீர்கள். காய்ந்த மண்ணை நம்பாதீர்கள், பச்சைப் புல்லை நம்பாதீர்கள். கேட்காமலேயே வழி காட்டுகிறவரைக் கொஞ்சமும் நம்பாதீர்கள். அக்காவும் தம்பியுமாக லோடு வண்டி ஓட்டப் பழகப் போகிறோம் என்று நிற்கிறீர்களே, அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். நான் ஒன்பதாவதோடு நின்றவன். கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன மழைக்காலத்தில் பூந்தமல்லியிலிருந்து பாரிவாக்கத்துக்கு ஒரு சவாரி. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கிற வலிமா விருந்து. புது மனைப்பிரிவில் வீடு. சுற்றிலும் தண்ணீர் நின்றதால் அங்கே அடுப்பு மூட்ட இடமில்லை. அதனால் பூந்தமல்லியிலேயே பிரியாணியைத் தம் போட்டு, மூடியைச் சுற்றி மாவு ஒட்டி, தேக்சா என்கிற பெரிய அண்டா இரண்டை என் வண்டியில் ஏற்றினார்கள். சமைத்த பாய் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணாத்தே, மாவு உட்டுச்சின்னா ஆவி போய்டும். அரிசி வெறச்சிகினு நிக்கும். தொழுகை முடிஞ்சி அத்தினி பேரும் வந்து குந்திடுவாங்கோ. என் மானம் உன் வண்டில கீது."

தேக்சா இரண்டையும் பின்சக்கரத்துக்கு மேலே வரும்படி நெருக்கி வைத்து, சாக்கு அணைத்துக் கயிறு கட்டினேன். நம் வண்டியில் பின்சக்கரம்தான் தள்ளுகிறது. கனம் அங்கே இருந்தால்தான் சேற்றில் பிடிமானம் கிடைக்கும்.

மனைப்பிரிவின் முனையில் தார் முடிந்து, பாதை இரண்டாகப் பிரிந்தது. இரண்டும் அந்த வீட்டுக்குத்தான் போகின்றன. இடதுபக்கப் பாதை வெளுத்துக் காய்ந்து கிடந்தது. வலதுபக்கம் முழுக்கக் கலங்கல் தண்ணீர். முனையில் ஒரு ட்ராக்டர் நின்றது. அதன்மேல் உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்ததும் கை காட்டினார்.

"லெப்டுல போ நைனா. காஞ்சி கீது. காலைலேர்ந்து நான் அதுலதான் போய்கினு வந்துகினு கீறேன்."

ட்ராக்டரின் பின்னால் இழுவைச் சங்கிலி தயாராக மாட்டித் தொங்கியது. எனக்குச் சுருக்கென்றது. எந்த வண்டியும் இன்னும் சிக்கவில்லை, அதற்குள் சங்கிலி எதற்கு? வழி காட்டுகிறவரே காசு வாங்கி இழுத்துவிடுகிறவராகவும் இருந்தால் அவர் எந்த வழியைக் காட்டுவார்? வண்டியை நிறுத்தி இறங்கினேன்.

"இன்னா அண்ணாத்தே, மனை வாங்கவா வந்துகீறே? ஏறு, லேட்டாவுது" என்றார் பாய்.

"இரு பாய். அந்தாளு மூஞ்சே சரியில்ல."

"மூஞ்சி மேலயா வண்டி உடப்போறே? ரோட்ட பாரு!"

கோபத்தில் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னார். ரோட்டைப் பார்த்தேன். இடதுபக்கம் ட்ராக்டர் சக்கரத்தின் அகலமான தடம் மட்டும்தான் இருந்தது. ஒரு பைக் தடம்கூட இல்லை. ஜாக்கிக் கம்பியை ஊன்றினேன். மேல் பொருக்கு அப்பளமாக நொறுங்கியது. அதற்குக் கீழே கம்பி தானாக இறங்கியது. உருவினால் கறுப்புக் களிமண் அப்பிக்கொண்டு வந்தது.

வலதுபக்கம் பைக் தடங்கள் எல்லாம் தண்ணீருக்குள் போயின. பேண்டை மடித்துக்கொண்டு நானும் இறங்கினேன். தண்ணீர் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. அடியில் கெட்டியாகச் செங்கல் தட்டுப்பட்டது. வீடு கட்டியவர்கள் கொட்டிய உடைசல். நடுவில் ஒரு பள்ளம் இருந்தாலும் போச்சு என்று, அந்தக் கரைவரை நடந்துபார்த்துவிட்டுத் திரும்பினேன்.

"தண்ணிலயா?" பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சொன்னா கேக்க மாட்டியா நைனா? சரி, மாட்டிகினா கூப்புடு" என்றார் ட்ராக்டர்காரர். அந்தக் 'கூப்புடு'வும் எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் கியர் போட்டால் அந்தக் கரை வரும்வரை முதல் கியர்தான். நடுவில் கிளட்சை மிதிக்காதீர்கள், பிரேக்கைத் தொடாதீர்கள், ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக வையுங்கள். கட்டைவிரலை ஸ்டீரிங் வளையத்துக்குள்ளே விடாதீர்கள். சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீரிங் சுழன்று விரலைப் பெயர்த்துவிடும். வண்டி ஒருமுறை சாய்ந்தது. பாய் கண்ணை மூடி ஏதோ ஓதினார். பின்சக்கரம் வழுக்கி, செங்கலைப் பிடித்து, ஏறிவிட்டது. கரையேறியதும் பிரேக்கை மெல்ல மிதித்து மிதித்து ஈரம் போக்கினேன்.

வீட்டு வாசலில் பாய் முதல் ஆளாகப் பின்னால் ஏறி, மாவைச் சுற்றி விரலால் தடவினார். எங்கும் விரிசல் இல்லை. பந்தி போட்ட மாடிக்கு ஏற்றி மூடியைத் திறந்தபோது ஆவி குப்பென்று எழும்பியது. அவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

பந்தியில் எனக்கு எதிரே ட்ராக்டர்காரர்! மாப்பிள்ளைக்குத் தாய்மாமனாம். விருந்துக்கு வருகிற வண்டிகள் சிக்கினால் இழுத்துவிட வீட்டார்தான் அவரை நிறுத்தியிருக்கிறார்கள்.

"எனுக்கு போவுதே, உனுக்கும் போவும்னு நெனச்சேன் நைனா" என்றார். அவர் சக்கரம் என் நெஞ்சு உயரம். என் சக்கரம் முழங்கால் உயரம். பொய் சொல்கிற முகமாக இல்லை. இருந்தாலும் அவரை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது காலித் தேக்சாக்களை அவரே தூக்கி ஏற்றினார். "இப்ப காலி வண்டிதானே, தாராளமா அந்தாண்ட காஞ்ச வழில போ நைனா."

பின்னால் கனமே இல்லாத வண்டி. நான் சிரித்துவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்தேன். இந்த முறை பாயும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீரில் இறங்கி எனக்கு முன்னால் நடந்தார்.