பச்சை ஒயர்

மாமா. இப்படிக் கூப்பிட்டால் வண்டி ஜன்னலிலிருந்து தலையை நீட்டி "என்னடா?" என்பீர்கள். இந்த ஒரு மாதமாக வேலை செய்யும்போதும், குளிக்கும்போதும் வாய் தானாகக் கூப்பிட்டுவிடுகிறது. பிறகு சுற்றிலும் யாராவது கேட்டார்களா என்று பார்க்கிறேன்.

மாமா என்பது என் அக்கா வீட்டுக்காரர். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதிப் பழக்கமில்லை. அவர் எப்படிச் செத்தார் என்று ஊர் ஒரு கதை சொல்கிறது. நடந்தது வேறு. அது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அக்காவிடம் அதைச் சொல்லாமல் எத்தனை நாள் ஒரே வீட்டில் இருக்க முடியும் என்பதுதான் என் பிரச்சனையாக இருந்தது.

அக்கா வீட்டிலேயே தங்கி, தென்னூரில் டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன். மாமா குட்டியானை வண்டி ஓட்டினார். மார்க்கெட்டிலிருந்து கடைகளுக்குக் காய்கறி லோடு அடிப்பார். எங்கள் ஏரியாவில் ஒரு சேவைச் சங்கம் இருக்கிறது. கடைக்காரர்களும் ரிட்டயர் ஆனவர்களும் சேர்ந்து நடத்துவது. கண் முகாம் போடுவார்கள், மரக்கன்று நடுவார்கள், வெயில் காலத்தில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நீர்மோர் ஊற்றுவார்கள். மஞ்சள் பனியன் கொடுப்பார்கள். அந்தப் பனியனுக்காகத்தான் நான் முதலில் போனேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறகு மாமாவும் சேர்ந்தார்.

போன வருஷம் ஒருவர் தன் அம்மா ஞாபகமாக ஒரு ஃப்ரீசர் பாக்ஸ் வாங்கிக் கொடுத்தார். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வரும்வரை உடம்பைக் கெடாமல் வைக்கிற கண்ணாடிப் பெட்டி. வசதி இல்லாத வீடுகளுக்குச் சங்கம் இலவசமாகக் கொடுக்கும். ஆனால் கொண்டுபோக ஆள் வேண்டுமே. செகரட்டரி சார் மீட்டிங்கில் கேட்டபோது எல்லாரும் செல்போனைப் பார்த்தார்கள்.

"நீர்மோருக்குன்னா இருபது பேர் வரீங்க. இதுக்கு ஒரு கை கூட தூக்கல பாருங்க" என்றார் அவர்.

மாமா எழுந்து நின்றார். "வண்டி எங்கிட்ட இருக்கு சார். தூக்க இவன் இருக்கான்."

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "ஊர்ல இருக்கிற பொணத்துக்கெல்லாம் நீங்கதான் மாப்பிள்ளையா? அந்தப் பெட்டியோட வண்டிய நம்ம வாசல்ல நிறுத்துனீங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

"உங்கம்மா வீடு அடுத்த தெருதானே. மெதுவாப் போ" என்றார் மாமா. ஆனாலும் அவள் சொன்னதைக் கேட்டார். பெட்டி சங்கத்து ஷெட்டில்தான் இருக்கும். வண்டியைக் கழுவாமல் வீட்டுப் பக்கம் கொண்டுவரமாட்டார்.

செகரட்டரி சார் எங்களுக்குச் சில விஷயங்கள் சொல்லித் தந்தார். சாவு வீட்டுக்குள் செருப்போடு போகக்கூடாது. கோயிலுக்குள் போகிற மாதிரி போக வேண்டும். காபி, டீ குடிக்கக்கூடாது. கிளம்பும்போது போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாது, பேசாமல் வந்துவிட வேண்டும்.

முதல் வீட்டிலேயே சிக்கல். பெட்டியின் பிளக் பெரிய மூன்று பின் பிளக். அந்த வீட்டில் இருந்தது ஃபேன் போடுகிற சின்ன பாயின்ட். பாடி பாயில் கிடக்கிறது, ஐம்பது அறுபது பேர் எங்களையே பார்க்கிறார்கள், ஒரு அம்மா "சீக்கிரம்ப்பா, எறும்பு வருது" என்று அழுகிறார். நான் கட்டிங் பிளேயரை எடுத்துப் பிளக்கை வெட்டிவிட்டேன். உள்ளே மூன்று ஒயர். சிவப்பையும் கறுப்பையும் சீவி, பாயின்ட் ஓட்டையில் விட்டு, தீக்குச்சி வைத்து இறுக்கினேன். பச்சை ஒயரை மடக்கி டேப் சுற்றிவிட்டேன். பெட்டி ஓடியது.

"பச்சை எதுக்குடா?" என்று மாமா கேட்டார்.

"அது சும்மா மாமா. எர்த்து. அது இல்லாமலே ஓடும்."

"ஓடுதா?"

"சில்லுன்னு வருது பாருங்க."

அடுத்த மாத மீட்டிங்கில் செகரட்டரி சார் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து, "நம்ம பையன் படிக்காத இன்ஜினியர்" என்று சொல்லித் துண்டு போர்த்தினார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு யாரும் அதுவரை கை தட்டியதில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் தீக்குச்சிதான். புதுப் பிளக் வாங்கி மாட்ட ஒரு மணி நேரம் ஆகாது. மாட்டவில்லை.

துறையூர் தாண்டி ஒரு ஊருக்குப் போனோம். ஒரு விவசாயி செத்திருந்தார். மகளைச் சென்னையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பெண் மதியம் வந்து இறங்கி ஓடிவந்து பெட்டியைக் கட்டிக்கொண்டது. பெட்டியிலிருந்து சொட்டிச் சுற்றித் தரையெல்லாம் தண்ணீர். திடீரென்று அழுகையை நிறுத்தி நிமிர்ந்தது.

"அப்பா தொடுறாரு" என்றது. "அம்மா, அப்பா என்னத் தொடுறாரும்மா. கை ஜிவ்வுங்குதும்மா."

வீடே அலறியது. கிழவிகள் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். மாமாகூட துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மட்டும் ஒயரைப் பார்த்தேன். முந்தின வாரம் ஷெட்டில் பெட்டியை ஓடவிட்டு ஈரத்துணியால் துடைத்தபோது எனக்கும் அப்படித்தான் கை ஜிவ்வென்றது. உள்ளே எங்கோ கரண்ட் கசிகிறது. அப்படிக் கசிவதை ஆளைத் தாக்காமல் மண்ணுக்குள் இறக்கிவிடத்தான் அந்தப் பச்சை ஒயர். நான் மெக்கானிக். எனக்குத் தெரியும்.

அந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது இருந்த பதற்றத்தில் வாய் தவறி, "வரோம்க்கா" என்று சொல்லிவிட்டேன். வாசலில் நின்ற பொம்பளை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வண்டியில் மாமா திட்டினார். "எந்த வீட்டுல என்னடா சொல்ற? நாம திரும்ப வரணும்னா அங்க இன்னொண்ணு விழணும்."

கொஞ்ச தூரம் போனதும் அவரே கேட்டார். "ஏன்டா, நிஜமாவே தொட்டிருப்பாரா?"

"இருக்கும் மாமா" என்றேன்.

இந்த ஒரு வார்த்தையை எத்தனை தடவை திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த இடத்தில், "இல்ல மாமா, பெட்டில கரண்ட் லீக்காகுது, ஞாயித்துக்கெழமை பிரிச்சுப் பாத்துடுறேன்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இத்தனை நாளாக என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்று கேட்பார். கை தட்டு வாங்கியவன் அசிங்கப்படுவான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை வந்தது. அடுத்த ஞாயிறு வேறு ஒரு வீட்டுக்குப் பெட்டி போனது.

ஐப்பசி மழை. காலையில் போன் வந்தது. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடம் பக்கம் ஒரு சந்து, ஒரு வயசான அம்மா. காவேரிப் பாலத்தில் போகும்போது வைப்பர் சரியாக ஓடவில்லை. மாமா ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். கீழே தண்ணீர் பாலத்துக் காலில் மோதிக் கலங்கலாகப் போனது. வழக்கமாகப் பாலத்தில் ஏதாவது ஜோக்கடிப்பார். அன்றைக்கு, "என்னமோ தெரியலடா, எந்திரிச்சதுலேர்ந்து மனசு சரியில்ல" என்றார். சாப்பிடாததால் இருக்கும் என்றேன்.

சந்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். வீட்டு முன்னால் தார்ப்பாய் கட்டி, இரண்டு பெஞ்சு போட்டு வைத்திருந்தார்கள். சேறும் தண்ணியுமாக இருந்த இடத்திலும் நாங்கள் செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டுத்தான் இறங்கினோம். பழக்கம். அந்த வீட்டு மகன் வந்து பெட்டிக்குக் கை கொடுத்தார். நாற்பது வயசு இருக்கும். "மெதுவாங்க, தம்பி மெதுவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், உள்ளே அவர் அம்மா இருப்பதுபோல.

பெட்டியைப் பெஞ்சு மேல் வைத்தோம். பாயின்ட் வீட்டுக்குள் ஜன்னல் ஓரம் இருந்தது. நான் உள்ளே போய், ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து, தீக்குச்சி வைத்து இறுக்கினேன்.

"போடவா மாமா?"

"இருடா, ஒரு பக்கம் தாழ்ந்திருக்கு." பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்தினார். "ம். போடு."

கையை எடுத்துவிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. எப்போதும் கேட்டதில்லை. சுவிட்சைப் போட்டேன்.

அவர் கத்தவில்லை. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். பெட்டியின் மேல் கவிழ்ந்து, அதைக் கட்டிப்பிடித்த மாதிரி இருந்தார். தோள் இரண்டும் குலுங்கியது. தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. "பெட்டி கொண்டாந்த தம்பி அழுவுது பாரு. யாரு பெத்த புள்ளையோ, எம்புட்டு நல்ல மனசு."

நான் ஒயரைப் பிடுங்கினேன். அவர் தண்ணீரில் விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வரும்போதே உயிர் இல்லை என்றார்கள்.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் சொல்ல வாய் வரவில்லை. போலீஸ் கேட்டபோது செகரட்டரி சார், "பழைய வீடு சார், ஒயரிங் சரியில்ல போல" என்றார். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தார். போலீஸ் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அம்மா செத்து நாலு மணி நேரம்கூட ஆகாத அந்த மகன் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு, "போன வருஷந்தாங்க ஒயரிங் மாத்துனோம்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

ஊர் இன்னும் ஒருபடி மேலே போனது. அந்தக் கிழவி துணைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள் என்றார்கள். அந்த வீடு ஆகாது என்றார்கள். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பாள், திடீரென்று, "அந்த வீடு விளங்குமா?" என்பாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் அக்கா தலையை முடிந்துகொண்டு வந்து நின்றாள்.

"வண்டிய எடு. ஸ்ரீரங்கம் போகணும்."

"எதுக்குக்கா?"

"அந்த வீட்டு வாசல்ல மண்ண வாரித் தூத்தணும். என்னோடத எடுத்துக்கிட்டாங்கள்ல. அவங்க வம்சம் அத்துப் போகட்டும். நீ வரியா, இல்ல நான் பஸ்ல போகட்டுமா?"

அக்கா கோபத்தில் கத்துவாள், அழுவாள். அன்றைக்குக் கத்தவில்லை. காய்கறி வாங்கப் போவதுபோலச் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது. பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பாலம் வந்தது, போனது. ராஜகோபுரம் தெரிந்தது, அக்கா அதைக்கூடக் கும்பிடவில்லை. சந்து முனையில் இறங்கினாள். மழை விட்டு மண் ஈரமாக இருந்தது. குனிந்து ஒரு பிடி அள்ளினாள்.

"எந்த வீடு?"

நாலு வீடு தள்ளி ஒரு வாசலில் சின்னக் குழந்தை ஒன்று தட்டில் சோறு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதுதான் அந்த வீடு. அக்கா நடக்க ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"அவங்க இல்லக்கா. நான்தான்."

"என்ன நான்தான்?"

சொன்னேன். தெருவில் நின்றுகொண்டே சொன்னேன். பிளக்கை வெட்டியது, பச்சை ஒயர், துறையூர்ப் பெண், ஷெட்டில் என் கை ஜிவ்வென்றது, சுவிட்சு, போலீஸிடம் தலையாட்டியது. ஒன்றையும் விடவில்லை. மண் அவள் கைக்குள் இருந்தது. அதை என் மேல்தான் போடப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை.

கண்ணைத் திறந்தபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடியே தெரியுமா உனக்கு? லீக்காகுதுன்னு?"

"தெரியும்க்கா."

"அவர்ட்ட சொன்னியா?"

"இல்ல."

அந்த வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "போ. அந்த வீட்ல போய்ச் சொல்லு. நான் இங்க நிக்கிறேன்" என்றாள்.

அந்த வீட்டு மகன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே கேட்டார். நான் சொல்லி முடித்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா காரியத்துக்கு மூணு பேர் வந்தாங்க தம்பி" என்றார். "கூடப் பொறந்தவங்களே வரல. இந்த வீட்டுத் தண்ணி குடிக்கப் பயந்தாங்க. எம் பொண்டாட்டி தெனம் என்னக் கேப்பா, நெஜமாவே நம்ம வீட்டுலதான் தப்பான்னு." அடிப்பார் என்று நினைத்தேன். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

திரும்பி வந்தபோது அக்கா அந்த மண்ணை முந்தானையில் முடிந்திருந்தாள். பைக்கில் ஏறி உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலமே செகரட்டரி சாரிடமும் ஸ்டேஷனிலும் சொன்னேன். எழுதி வாங்கிக்கொண்டார்கள், கூப்பிடும்போது வர வேண்டும் என்றார்கள். இன்னும் கூப்பிடவில்லை. அக்கா எனக்குச் சோறு போடுகிறாள். என் துணியையும் துவைக்கிறாள். பேசுவதில்லை. அந்த மண்ணை ஒரு சம்படத்தில் போட்டு மூடி, மாமா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். யாருக்காக வைத்திருக்கிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. காலையில் எழுந்ததும் முதலில் அந்த மூடியைத்தான் பார்க்கிறேன்.

எனக்காக யாரும் எதுவும் கேட்க வேண்டாம். மாமாவுக்காகக் கேளுங்கள். எந்தச் சாமியாக இருந்தாலும் பரவாயில்லை. கோயிலுக்கோ மசூதிக்கோ சர்ச்சுக்கோ போகிறவர்கள் அங்கே ஒரு நிமிஷம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். திருச்சியில் யார் யாரோ பெற்றவர்களுக்கெல்லாம் செருப்பில்லாமல் பெட்டி தூக்கிய டிரைவர் என்று சொன்னால் போதும். அவர் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.