வெந்தெல் திருப்பிக் கேட்ட கோழிகள்

எங்கள் ஹங்கேரி கிராமத்தில் வயதானவர்கள் சவப்பெட்டியில் தங்களுக்கு உடுத்திவிட வேண்டிய உடுப்பை முன்கூட்டியே தேய்த்து வைப்பது வழக்கம். தொண்ணூற்றொரு வயது வெந்தெல், உடுப்போடு நிற்காமல் தன் கோழிகளையும் பக்கத்து வீட்டு இல்காவுக்குக் கொடுத்துவிட்டார். சாப்பாட்டையும் குறைத்தார்.

"என்ன பக்குவம் பாருங்க!" என்று மெச்சினாள் இல்கா.

நான் ஊர் நர்ஸ். "தாத்தா, செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டேன்.

"தினமும்தாம்மா. கேட்ட மொத ஆளு நீதான்," என்று அழுதார்.

டாக்டரிடம் ஓடினேன். "இந்த வயசுல குதிச்சுக்கிட்டா இருப்பாங்க?" என்று சிரித்தார்.

"நாப்பது வயசுக்காரன் சொன்னா சிரிப்பீங்களா?" என்று கத்தினேன். மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதும்வரை நகரவில்லை.

சிகிச்சை தொடங்கி மூன்றாம் மாதம், வெந்தெல் வேலியருகே நின்று தன் கோழிகளைக் கேட்டுச் சண்டை போட்டார்.

இல்கா என்னிடம் ஓடிவந்தாள். "கெழவனுக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சு!"