இரண்டு சுற்று எண்ணெய்

என் அத்தை மகனை எனக்குப் பிடிக்காது. பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் முழுசாகப் பிடித்துவிட்டது என்று சொன்னால் அது பொய். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவன் என் நாற்காலியில் உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

எங்கள் வீடு கெலாங் பாத்தாவில், சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம். அப்பா விடியுமுன் மோட்டார் எடுத்துக்கொண்டு பாலம் ஏறி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவார். இருட்டிய பிறகுதான் வருவார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்தான் அவர் எனக்குக் கிடைப்பார். அந்த மதியத்தில் நாங்கள் கார் ரேஸ் விளையாடுவோம். யாரோ பயன்படுத்திய பழைய கேம் பெட்டி, டிவி முன்னால் இழுத்துப் போட்ட மேசை, அதில் திருகி மாட்டிய ஸ்டியரிங், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. குலாய் என்கிற ஊரில் இருந்த அப்பாவின் கூட்டாளியும் அவர் மகனும் இன்டர்நெட் வழியாக எங்களை எதிர்த்து ஓட்டுவார்கள். மொத்தம் நாற்பது சுற்று. முதல் இருபது அப்பா. பிறகு டயர் மாற்றவும் எண்ணெய் ஊற்றவும் கார் பாதையோரக் கொட்டகைக்குள் போய் நிற்கும். பெட்ரோலை நாங்கள் எண்ணெய் என்றுதான் சொல்வோம். அந்தச் சில வினாடிக்குள் அப்பா எழுந்துகொள்ள, நான் உட்கார வேண்டும். மீதி இருபது என்னுடையது.

பிறகு அவன் வந்தான். ரெங்கம் ஊரில் அத்தைக்குக் கிட்னி கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் கழுவப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு உடம்பு சரியாகும்வரை அவன் நம்மோடு இருப்பான் என்று அம்மா சொன்னார். என்னைவிட ஒரு வயது சின்னவன். ஒரு பை, ஒரு ஜோடி சப்பாத்து, அதுதான் அவன் கொண்டுவந்தது. எதைக் கொடுத்தாலும் "போதும்" என்பான். அம்மா அதைக் கேட்டு உருகுவார். எனக்கு எரியும்.

அவன் வந்த இரண்டாவது வாரமே அப்பா ஒரு போட்டி வைத்தார்.

"ரெண்டு பேரும் தனித்தனியா இருபது சுத்து ஓட்டுங்க. யாரு சீக்கிரம் முடிக்கிறீங்களோ அவங்கதான் என் பார்ட்னர்."

நான் டேங்க் நிறைய எண்ணெய் ஊற்றினேன். எங்கள் வீட்டுச் சட்டம் அது. அப்பா டேங்க் நிறையாமல் பாலம் ஏறமாட்டார். இந்தப் பக்கம் எண்ணெய் மலிவு, நடுப்பாலத்தில் தீர்ந்தால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். விளையாட்டில் எண்ணெய்க்கும் கனம் உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கனத்த கார் டயரைத் தின்றது. பதினைந்தாவது சுற்றில் நாலு டயரும் திரையில் சிவப்பாகிவிட்டன. ஒவ்வொரு வளைவிலும் கார் புல்லுக்குள் போய்ப் போய் வந்தது.

அவன் இருபது சுற்றுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் ஊற்றினான். தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் மாதிரி ஓட்டினான். கடைசிச் சுற்றிலும் அவன் டயர் பச்சையாகவே இருந்தது.

"உனக்கு எதுக்குமா ஃபுல் டேங்க்? சிங்கப்பூருக்கா போற?" என்றார் அப்பா.

"நீங்கதான்பா தெனமும் அடிக்கிறீங்க!"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவனும் சிரித்தான். அவன் சிரித்திருக்கக் கூடாது.

அன்றிலிருந்து நாற்காலி அவனுக்கு. கார் நிற்கும்போது கையில் ரிமோட் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு டயரையும் எண்ணெயையும் அமுக்குகிற வேலை எனக்கு. அப்பா அவன் தோளில் கை போட்டு "அப்படித்தான் மருமகனே, டயர எப்படி வச்சிருக்கான் பாரு!" என்பார். என்னிடம் "அம்மாகிட்ட டீ கேளு" என்பார். ஆறு ஞாயிற்றுக்கிழமை இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது ஞாயிறு நாங்கள் முன்னணியில் இருந்தோம். கார் நின்றதும் அப்பா எழுந்து, கைப்பேசியோடு சமையலறைக்குப் போனார், கூட்டாளியைச் சீண்ட. "அலமாக்! எங்க லா உன் மவன்? கண்ணுலயே காணோம்!"

அவன் உட்கார்ந்தான். "அக்கா, இருபது சுத்துக்கு."

நான் பதினெட்டுக்கு அமுக்கினேன்.

கார் வெளியே வந்ததும் இன்னும் எத்தனை சுற்றுக்கு எண்ணெய் இருக்கிறது என்று திரையின் ஓரத்தில் காட்டும். அவன் பார்த்தான். திரும்பி என்னை ஒரு தரம் பார்த்தான். நான் டிவியைப் பார்த்தேன். அவன் மறுபடி திரைக்குத் திரும்பினான்.

பிறகு அவன் ஓட்டியதை நான் மறக்கவில்லை. வளைவுக்கு வெகு முன்னாலேயே காலை எடுத்து, காரைத் தானாக உருள விட்டான். குலாய்ப் பையனை வேண்டுமென்றே முந்த விட்டு, அந்தக் காருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டான். முன்னால் போகிற கார் காற்றைத் தாங்கிக்கொள்ளும். பின்னால் போகிறவனுக்கு எண்ணெய் மிச்சம்.

அப்பா ஓடி வந்தார். "ஏன்டா விட்டுட்ட? முந்து லா!"

"கடைசில முந்துறேன் மாமா."

இன்னொரு தரம் உள்ளே வந்து ஊற்றியிருக்கலாம். வந்தால் ஏன் என்று அப்பா கேட்பார். அவன் வரவில்லை. மின்விசிறிக்குக் கீழேயும் அவன் கழுத்தில் வேர்வை வழிந்தது. பதினெட்டுச் சுற்று எண்ணெயில் பத்தொன்பதைத் தாண்டினான். இருபதாவது சுற்றின் கடைசி வளைவில் கார் மெல்ல மெல்ல நின்றது. கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது.

கைப்பேசியில் குலாய்க்காரர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்பா முகம் கறுத்துவிட்டது. "எவ்ளோ ஊத்துனீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான். "நான்தான் மாமா அக்காகிட்ட பதினெட்டுன்னு சொல்லிட்டேன்."

"மண்டையில மூள இருக்காடா உனக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு மேசையிலிருந்து ஸ்டியரிங்கைத் திருகிக் கழற்ற ஆரம்பித்தான்.

அடுத்த ஞாயிறு அப்பாவே அவனைக் கூப்பிட்டார். அவன் பாடப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினான். "பரீட்சை இருக்கு மாமா. அக்கா ஓட்டட்டும்." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. பயந்தாங்கொள்ளி, என்னைப் பார்த்துப் பயந்துவிட்டான் என்று நினைத்தேன்.

நானாக இருந்தால் திரையில் பதினெட்டைப் பார்த்த வினாடியே கத்தியிருப்பேன். கத்துவதற்கு எனக்கு அது சொந்த வீடு. ரத்தம் கழுவுவது காய்ச்சல் மாதிரி நாலு நாளில் முடிகிற காரியம் இல்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தவன் அவன். இன்னும் எத்தனை வருஷம் என்னோடு அந்த வீட்டில் இருக்க வேண்டியிருக்கும் என்று அவன் அப்போதே யோசித்திருக்கிறான். நான் அவன் எப்போது போவான் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.