குறையில்லாத தகடு

நான் பொய் எழுதினேன். ஒரு மனிதரின் கைவேலை பழுது என்று எழுதினேன். பழுது என்னுடையது!

அறுபதுகளின் நடுவில், கோவைக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் கூடத்தில் ஆய்வாளனாக இருந்தேன். செயற்கைக்கோள் மேலிருந்து அளக்கும் அகச்சிவப்புக் கதிர்வீச்சைக் கீழிருந்து அளந்து ஒப்பிடுவது எங்கள் வேலை. கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது; கருவியின் வாய்க்கு மெல்லிய உப்புப் படிகத் தகடு வேண்டும். பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறை வைத்திருந்த ரங்கசாமி தேய்த்துக் கொடுத்தார். மூச்சின் ஈரம் பட்டாலே உப்பு மங்கும் என்று வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு தேய்ப்பார்.

"ஏனுங்க சார், ஒரு ஓரத்த மயிரிழை மெல்லிசா உட்டுப்போடட்டுங்களா? வேற காலேஜுல அப்பிடித்தானுங்க கேட்டாங்க."

"நீங்க தேயுங்க, யோசிக்கறதுக்கு நான் இருக்கறேன். ரெண்டு பக்கமும் ஒரே சீரா இருக்கோணும்."

சிரித்தார். கேட்டபடியே தந்தார்.

தகட்டைப் பொருத்தி அளந்தபோது, கருவியின் வரைதாளில் கோடு அலை அலையாய் ஏறி இறங்கியது… வானத்துக்கு ஏது அந்த அலை? சீரான இரு முகங்களுக்கிடையே கதிர் மோதித் திரும்பி, தன்னோடு தானே கலந்து, ஓரிடத்தில் மிகுந்தது. அடுத்த இடத்தில் தேய்ந்தது. அலைகளின் இடைவெளியைக் கணக்கிட்டேன். தகட்டின் தடிமன் அப்படியே வந்தது! ஓரம் மயிரிழை மெலிந்திருந்தால் அலை அடங்கியிருக்கும். அவர் கேட்டார். நான் மறுத்தேன்.

"பட்டறைக்காரர் தேச்சது சரியில்லீங்க சார்" என்றேன் பேராசிரியரிடம். அறிக்கையிலும் அதையே எழுதினேன். கல்லூரி வேலை அவருக்கு நின்றது. பேச்சு மற்ற கல்லூரிகளுக்கும் பரவியது.

ரங்கசாமி வந்து நின்றார். "எங்கீங்க சார் தப்பு? காட்டுங்க, திருத்திப்போடறேன்."

தகட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். என்ன தெளிவு!

"கண்ணுக்குத் தெரியாதுங்க" என்றேன்.

ஏன் மறைத்தேன்? வேலை போய்விடும் என்றா? போயிருக்காது. நான் காணாததை ஒரு பட்டறைக்காரர் முன்பே கண்டிருந்தார்… அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவு அற்பன்!

சில ஆண்டுகள் கழித்துக் காரமடைப் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். இப்போது லேத்தில் பம்புக்கு மூடி கடைகிறாராம்.

"படிகத்தத் தொடறதையே உட்டுப்போட்டனுங்க. அப்பவே கை நடுங்க ஆரம்பிச்சிருக்குமாட்ட இருக்குது. எனக்குத்தான் தெரியல… இல்லீங்களா சார்?"

விரல்களை நீட்டிக் காட்டினார். ஓர் அசைவு இல்லை. இப்போதாவது சொல்லடா, சொல்…

"இருக்குமுங்க" என்றேன்.