காப்பார் வேனும் மூன்று டேபிள்களும்

போன சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் மழைக்கு ஒரு வடைக்கடை ஓரமாக ஒதுங்கினேன். எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியதும் தலை தானாக மேலே நிமிர்ந்தது. அந்தக் கடைக்கு மேல்மாடியில்தான் நாங்கள் கம்ப்யூட்டர் படித்தோம். இப்போது அங்கே புருவம் திருத்துகிறார்கள்.

நாங்கள் என்றால் நானும் ஸ்டெல்லாவும். கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தின் வரவேற்பு மேசையில் ஒன்றாக வேலை பார்த்தோம். நோயாளிகளின் விவரங்களை அட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றவேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் எங்களை ரயிலேற்றி வகுப்புக்கு அனுப்பினார்.

வகுப்பில் டேபிள், ரெக்கார்ட், ரிலேஷன்ஷிப் என்று மிஸ் அடுக்கிக்கொண்டே போவார். நான் எல்லாம் புரிந்தவள் மாதிரி மண்டையை ஆட்டிக்கொண்டு, கீழே வடை வெந்திருக்குமா என்று கணக்குப் போடுவேன். ஸ்டெல்லாவுக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. "மிஸ், புரியல. மறுபடியும் சொல்லுங்க" என்பாள். மிஸ் அலுத்துப்போனாலும் இவள் அலுக்கமாட்டாள். எனக்கு அப்போதே அவள்மேல் பொறாமை கலந்த மரியாதை.

படித்த வேகத்தில் நாங்கள் கட்டியது என்னவோ ஒரே ஒரு டேபிள்தான், அதாவது ஒரே ஒரு பட்டியல். பெயர், வீடு, வரும் நாள், நிலையத்து வேனில் ஏற்றிவரும் டிரைவர் என்று எல்லாவற்றையும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே வரியில் திணித்துவிட்டோம். காலையில் அதிலிருந்து ஒவ்வொரு டிரைவருக்கும் யார் யாரை ஏற்றவேண்டும் என்று தாள் வரும். ஆஹா, என்ன பெருமை எங்களுக்கு!

கிள்ளானை அடுத்த காப்பார் ஊர்ப்பக்கம் வேன் ஓட்டிய டிரைவர் வேலையை விட்டார். புதியவர் பெயரை ஒவ்வொரு வரியாகப் போய் மாற்றினோம். மணியம் அங்கிளின் வரி மட்டும் எப்படியோ தப்பிவிட்டது. அவர் முன்னாள் லோரி டிரைவர், தனிக்கட்டை. புதிய டிரைவரின் தாளில் அவர் இல்லை.

அன்று அவரே போன் செய்தார். "ஏம்மா, வேன் இன்னும் காணோமே. வீட்டு கேட்டுகிட்ட நாற்காலி போட்டு ஒக்காந்திருக்கேன். மூச்சு வாங்குது லா."

டயாலிசிஸ் தவறினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். நுரையீரலுக்குப் போனால் ஆளையே கொன்றுவிடும். ஸ்டெல்லா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு காப்பாருக்குப் போய் அவரை அழைத்து வந்தாள். மிஷினில் படுத்து அவர் முகம் தெளியும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். திட்டப்போகிறார் என்று நான் பயந்தேன். "நான் லோரி ஓட்டுன காலத்துல எத்தன பேர விட்டுட்டு போயிருக்கேன், அழாத லா" என்று அவளைத் தேற்றினார்.

மறுநாள் ஸ்டெல்லா எல்லாவற்றையும் பிரித்தாள். நோயாளிகள் ஒரு டேபிள், வேன்கள் ஒரு டேபிள், வந்துபோன நாட்கள் ஒரு டேபிள். நோயாளியின் வரியில் வேன் எண் மட்டும். டிரைவர் பெயர் வேன் டேபிளில் ஒரே இடத்தில். "ஒரு எடத்துல மாத்துனா எல்லாருக்கும் மாறணும்டி. மிஸ் இதத்தான் தலையால தண்ணி குடிச்சு சொன்னாங்க. நீ வடைய நெனச்சுகிட்டு இருந்த."

வாங்கிவந்த வடையில் பாதியைத் தின்றவள் அவள். ஆனால் அதற்குப் பிறகு வேனுக்காக யாரும் கேட்டருகே காத்துக் கிடக்கவில்லை. அப்படி ஒரு கெட்டிக்காரியை நான் எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை.

சில வருடங்கள் கழித்து மணியம் அங்கிள் இறந்துபோனார். ஸ்டெல்லா அவர் பெயரை அழிக்கப் பார்த்தாள். முடியாது என்றது கம்ப்யூட்டர். இன்னொரு டேபிளில் அவர் வந்துபோன நாட்கள் இருக்கின்றனவாம். அவை இருக்கும்வரை பெயரை எடுக்க விடாதாம். "அப்ப இருக்கட்டும்டி" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே மூடிவைத்தாள்.

பிறகு கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விட்டாள். நிலையம் கைமாறியது, புது சிஸ்டம் வந்தது. அதை அமைக்க வந்தவர், "இப்ப வர்ற பேஷண்ட் மட்டும் போதும் அக்கா, பழசெல்லாம் வேணாம்" என்றார். பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது.

மணியம் அங்கிளை மறுபடியும் விட்டுவிட்டார்கள். போய் அழைத்துவர ஸ்டெல்லா இல்லை.